கிரீன்வாஷிங்: பசுமைப் பூச்சா, பசுமைப் பசப்பா?

தெ.வா. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு,

நுகர்வோர் சட்டச் சொல்தொகுதியில் கிரீன்வாஷிங்குக்கு, அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று நுகர்வோரை ஏமாற்றி நம்பவைப்பதற்கு, இன்னும் தலைச்சொல் முடிவாகவில்லை. பசுமைப் பூச்சு, பசுமைக் கழுவல், பசுமை மோசடி, பசுமை வேடம் என்று ஆளுக்கொன்றாக எழுதிவருகிறோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டுவிட்டது. இனி இது புகார் மனுவில் எழுத வேண்டிய சொல். நான்கு வடிவங்கள் இருந்தால் குழப்பம்தான்.

'கழுவல்' வேண்டாம் என்பது என் கருத்து. கழுவினால் இருப்பது போகும். பசுமையைப் போக்குவது என்றுதான் தமிழ்க் காதில் விழும். எனக்குப் 'பசுமைப் பூச்சு' சரியாகப் படுகிறது.

இல.ச. எழுதியது:

> எனக்குப் 'பசுமைப் பூச்சு' சரியாகப் படுகிறது.

ஐயா, அந்தச் சொல் எந்தெந்தத் தவறுகளைச் சுட்ட வேண்டும் என்று முதலில் பார்ப்போம். எரிசக்தி விளம்பரங்கள் மீது வந்த மூன்று தீர்ப்புகள் போதும். மூன்றும் ஷெல் என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்கள் பற்றியவை.

2007: ஆலைப் புகைபோக்கிகளிலிருந்து பூக்கள் பறந்துவரும் படம். கழிவாகும் கரியமில வாயுவைக் கொண்டு பூ வளர்க்கிறோம் என்று வாசகம். அப்படிப் பயன்பட்டது மொத்த உமிழ்வில் மிகச் சிறிய பங்குதான். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதைத் தவறான விளம்பரம் என்றது. இது மிகைக்கூற்று, இதற்குப் பூச்சு என்பது பொருந்தும்.

2021, நெதர்லாந்து: லிட்டருக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுத்தால் கரிமச் சமநிலையோடு, அதாவது வெளிவரும் கரியமில வாயுவை வேறிடத்தில் ஈடுசெய்து, வண்டி ஓட்டலாம் என்றார்கள். உமிழ்வு முழுவதும் ஈடாகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு விளம்பர நெறிக் குழு முடிவு செய்தது.

2023 ஜூன், பிரிட்டன்: இதுதான் முக்கியமானது. தூய்மையான ஆற்றலுக்குப் பிரிஸ்டல் நகரம் தயார் என்று ஒரு சுவரொட்டி. அங்கே 78,000 வீடுகள் ஷெல் தரும் 100% புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தைப் பயன்படுத்துவதாக அதில் இருந்தது. ஆணையம் அந்த எண்ணில் குற்றம் காணவில்லை. நிறுவனத்தின் தொழிலில் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவுமே என்ற செய்தி விளம்பரத்தில் எங்கும் இல்லை. அந்த விடுபாட்டுக்காகவே தடை. பெட்ரோனாஸ், ரெப்சோல் என்ற எண்ணெய் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கும் அதே நாளில் தடை வந்தது.

ஆக, ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கும்போதே மொத்த விளம்பரம் ஏமாற்ற முடியும். நம் சொல் இதையும் தாங்க வேண்டும். 'மோசடி' தாங்காது, மோசடி என்றால் நோக்கத்தை நிறுவ வேண்டியிருக்கும். இங்கே பார்ப்பவர் மனத்தில் என்ன பதிகிறது என்பதுதான் அளவுகோல்.

'பூச்சு' பற்றி இன்னொரு தடை. 2024 நெறிமுறைகள், ஏமாற்றாத பட்சத்தில், பொதுவான வண்ணங்களையும் படங்களையும் பயன்படுத்துவதைக் குற்ற வரையறையிலிருந்து விலக்குகின்றன. தலைச்சொல்லே பச்சை அடிப்பதைத் தவறென்று சொன்னால் வரையறையோடு முட்டும்.

நா.பூ. எழுதியது:

'பசப்பு' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது. பசப்பு வார்த்தை, பசப்பிக் காரியம் சாதித்தான் என்கிறோம். பசப்புபவர் பொய் சொல்ல வேண்டியதே இல்லை. கேட்பவருக்கு இனிப்பதை மட்டும் சொல்லி, மற்றதை விட்டுவிட்டால் போதும். இல.ச. சொன்ன பிரிஸ்டல் சுவரொட்டி செய்ததும் அதைத்தான். பசுமைப் பசப்பு என்று வைக்கலாம். பசப்பினார்கள், பசப்பு விளம்பரம், பசப்பற்ற கூற்று என்று வினையாகவும் அடையாகவும் தடையில்லாமல் வரும். 'பூச்சு' இப்படி எளிதாக வளையாது.

கு.மீ. எழுதியது:

நா.பூ. ஐயாவுக்கு வணக்கம். பொருள் பொருத்தத்தை ஏற்கிறேன், ஆனால் இரண்டு தயக்கங்கள். பேச்சு வழக்கில் பசப்பு என்பதைப் பெரும்பாலும் பெண்களை இழித்துச் சொல்லத்தான் பயன்படுத்துகிறார்கள். பசப்புக்காரி என்ற வசையை எல்லோரும் கேட்டிருப்போம். அந்த வாடையோடு ஒரு சொல்லைச் சட்டத் தொகுதியில் ஏற்றலாமா? இரண்டாவது, திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே பசப்பு பிரிவால் வரும் நிறமாற்றம். மாணவர்கள் குழம்புவார்கள்.

நா.பூ. எழுதியது:

அம்மா, இரண்டாவது தயக்கம் பெரிதில்லை. முன்னே 'பசுமை' நிற்கும்போது யாரும் பசலை நோயாகப் படிக்கமாட்டார்கள். முதலாவது உண்மையானது. ஆனால் வசையாக நிற்பது பசப்புக்காரி, பசப்பி போன்ற ஆள் பெயர்கள்தான். அவற்றை எந்த வடிவிலும் சேர்க்க வேண்டாம். செய்பவரைக் குறிக்க 'பசப்பு விளம்பரதாரர்' போதும். எண்ணெய் நிறுவனங்களின் மேல் தொடர்ந்து எழுத எழுத அந்த வாடையும் குறையும் என்று நம்புகிறேன்.

சு.அ. எழுதியது:

தலைச்சொல் எதுவானாலும், அதன்கீழ் உட்சொற்கள் இல்லாமல் புகார் எழுத முடியாது. மின்துறைப் பக்கத்திலிருந்து மூன்று.

உமிழ்வுச் செறிவு (விற்கும் ஓர் அலகு ஆற்றலுக்கு எவ்வளவு உமிழ்வு), மொத்த உமிழ்வு: இரண்டையும் கலந்துவிடுவதுதான் மிகப் பழகிய உத்தி. கணக்குக்காக ஒரு நிறுவனம் 100 அலகு எண்ணெய் ஆற்றல் விற்கிறது, உமிழ்வு 1,000 டன் என்று வையுங்கள். செறிவு 10. எண்ணெயைக் குறைக்காமல் 50 அலகு காற்றாலை மின்சாரத்தைச் சேர்த்தால் 1,000-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும், செறிவு 6.7. மூன்றில் ஒரு பங்கு குறைத்தோம் என்று விளம்பரம் வரும். எண்ணெயிலிருந்து வரும் 1,000 டன்னில் ஒரு கிலோகூடக் குறைந்திருக்காது. 'செறிவு' என்ற சொல் விளம்பரத்தில் இருந்தால் முதலில் மொத்த உமிழ்வைக் கேளுங்கள்.

வரம்பு 1, 2, 3: ஒரு நிறுவனத்தின் உமிழ்வைக் கணக்கிடும் மூன்று பிரிவுகள். வரம்பு 1 சொந்த ஆலைப் புகை, 2 வாங்கிய மின்சாரத்தின் உமிழ்வு, 3 மற்றதெல்லாம், விற்ற எரிபொருளை வாங்கியவர் எரிப்பது உட்பட. எண்ணெய் நிறுவனத்துக்குப் பெரும்பகுதி வரம்பு 3-இல்தான். "எங்கள் செயல்பாடுகளில் நிகரச் சுழியம்" (உமிழ்வும் ஈடும் சமமாகி மிச்சம் இல்லை) என்றால் பெரும்பாலும் 1, 2 மட்டும். 'செயல்பாடுகளில்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அத்தனையும் மறைந்துவிடுகிறது.

சான்றிதழ்ப் பசுமை: இந்தியாவில் ஒரு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்குச் சமம். சான்றிதழ் மின்சாரத்திலிருந்து பிரிந்து தனியாக விற்பனையாகும். எனவே "100% பசுமை மின்சாரம்" என்றால், சான்றிதழ் மட்டும் வாங்கினார்களா, காற்றாலையோடு நேரடி ஒப்பந்தம் உண்டா என்று கேட்க வேண்டும். முதலாவதில் புதிதாக ஓர் ஆலைகூட எழுந்திருக்க வேண்டியதில்லை.

நா.பூ. சொன்ன தலைச்சொல்லுக்கே என் வாக்கு.

தெ.வா. எழுதியது:

பூச்சை விட்டுவிடுகிறேன்; வண்ண விலக்கு பற்றி இல.ச. சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. வரைவு இதோ:

பசுமைப் பசப்பு (பெயர்): சுற்றுச்சூழல் நன்மை பற்றி மிகைத்தோ, தெளிவின்றியோ, ஆதாரமின்றியோ கூறி, அல்லது தேவையான தகவலை விட்டோ மறைத்தோ, நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கும் நடைமுறை. வினை: பசுமைப் பசப்பு செய்தல். உட்சொற்கள்: மிகைப் பசப்பு, விடுபாட்டுப் பசப்பு, ஈட்டுப் பசப்பு, செறிவுப் பசப்பு, சான்றிதழ்ப் பசப்பு. காண்க: பசுமைப் பூச்சு (வழக்குச் சொல்).

ஈட்டுப் பசப்பு என்பது உமிழ்வை ஈடுசெய்துவிட்டோம் என்று பசப்புவது. 'ஈட்டு' என்பது அடமானத்தை நினைவூட்டுவதாகத் தோன்றினால் 'ஈடுசெய் பசப்பு' என்று மாற்றலாம். இது ஒன்றில் மட்டும் கருத்து தேவை.

கு.மீ. எழுதியது:

'ஈடுசெய் பசப்பு' என்றே வையுங்கள் ஐயா, படித்தவுடன் புரிகிறது. ஆள் பெயர்களைச் சேர்க்கக் கூடாது என்பதையும் பதிவின் குறிப்பில் எழுதிவிடுங்கள்.