லெக் பிரஸ்ஸில் முதலில் ஏற்றும் எடை: தமிழில் என்ன சொல்வது?

உடற்பயிற்சி ஆசிரியை, மன்னார்குடி (திங்கள் காலை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் மூன்றாண்டுகளாகப் பயிற்சி அளித்து வருகிறேன். புதிதாகச் சேர்வோர் படித்துப் பார்த்துத் தாமே பழகும் வகையில் ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு தமிழ்ப் பலகை மாட்ட இருக்கிறோம். மற்றவற்றை எழுதி முடித்துவிட்டேன்; லெக் பிரஸ் (சாய்ந்து அமர்ந்து கால்களால் எடையைத் தள்ளும் இயந்திரம்) பலகையில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

பலகையின் முன்வரைவிலும் பயிற்சி அட்டையிலும் "தொடக்க எடை" என்று எழுதி, எதிரே ஒரு கோடு இட்டிருந்தேன். சென்ற வாரம் சேர்ந்த ஓர் அம்மையார் அந்தக் கோட்டின் மேல் 70 என்று எழுதினார். அது அவருடைய உடல் எடை. உடல் இளைக்க வேண்டும் என்று வருகிறவருக்குத் தொடக்க எடை என்பது சேர்ந்த அன்று எடைப்பொறி காட்டிய எண்தான் என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நான் வேறொருவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த அட்டையைப் பார்த்த அவருடைய தோழி பக்கத்துக்கு 35 கிலோவாகப் பிளேட்டுகளை (எடைத்தட்டுகளை) மாட்டிவிட்டார். கால்களை மடக்கி இறக்கியபோது அவருடைய இடுப்பு மெத்தையை விட்டு எழும்பிச் சுருள்வதைக் கண்டு ஓடிச்சென்று தடுப்புக் கைப்பிடியைத் திருப்பினேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தவறு அவர்களுடையதன்று, அந்தச் சொல்லை எழுதியவள் நான்.

நான் சொல்ல விரும்பும் பொருள் இது. பழகாதவர் முதலில் பிளேட்டே மாட்டாமல் கால் வைத்துத் தள்ளும் வெறும் சட்டத்தைப் பன்னிரண்டு முறை தள்ளிப் பார்க்க வேண்டும். பின்னர் பக்கத்துக்கு ஐந்து கிலோவாகக் கூட்டி, ஒவ்வொரு கூட்டலுக்கும் இடையே இரண்டு நிமிடம் இளைப்பாறி, மறுபடி தள்ள வேண்டும். குதிகால் பலகையை விட்டு எழாமல், முழங்கால்கள் உட்புறம் சாயாமல், இடுப்பு மெத்தையில் பதிந்தபடியே இருக்க, கால் நீளும்போது முழங்காலை வெடுக்கென்று பூட்டிவிடாமல், பத்துப் பன்னிரண்டு முறை தள்ளி முடித்தபின், இன்னும் இரண்டு மூன்று முறை தள்ளியிருக்கலாம் என்று தோன்றுகிற இடத்தில் நின்றுகொள்ள வேண்டும். அங்கே மாட்டியிருக்கும் எடைக்குத்தான் பெயர் கேட்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர் நின்றவாறே படித்துப் புரிந்துகொள்ளும் பெயராக அது இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி (திங்கள் மாலை)

அம்மையாரின் மடலைப் படித்து வருந்தினேன். சொல் தவறினால் உடல் வருந்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

"எடை" என்னும் சொல்லை எளிதில் தள்ளிவிட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொடு என்பதிலிருந்து கொடை, விடு என்பதிலிருந்து விடை, தொடு என்பதிலிருந்து தொடை பிறந்ததுபோல, எடு என்பதிலிருந்து எடை பிறந்தது. எடுக்கப்படுவது எதுவோ அதுவே எடை. "தூக்கு" என்பதும் அப்படியே. உயர்த்துதலுக்கும் நிறுத்துப் பார்த்தலுக்கும் அது ஒரே சொல். "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்" என்னும் குறளில் தூக்குதல் ஆராய்தலாகிறது. தம் வலிமையை ஆராய்ந்தே தூக்க வேண்டும் என்று தாங்கள் சொல்லும் முறை முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கியிருக்கிறது. இருப்பினும் "தூக்கு" என்று பலகையில் எழுதினால் இன்று படிப்பவருக்குத் தூக்குத் தண்டனையோ தூக்குவாளியோதான் நினைவுக்கு வரும் என்பதால் அதைப் பரிந்துரைக்கவில்லை.

என் பரிந்துரை "பொறை". பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்பதே பழம்பொருள். "பொறையொருங்கு மேல்வருங்கால் தாங்கி" என்ற குறளில் பொறை என்பது சுமையே அன்றி வேறில்லை. எனவே "தொடக்கப் பொறை" அல்லது "முதற்பொறை" என்று எழுதுங்கள். சுமை, பொறுமை என்னும் இரண்டு பொருளும் ஒரே சொல்லில் நிற்பது பழகுநருக்கு நன்மையே செய்யும்.

பொறியாளர், கோயம்புத்தூர் (செவ்வாய் காலை)

ஐயாவின் விளக்கம் சிறப்பு. ஆனால் "எடை" பொருந்தாது என்பதற்கு உடல் எடைக் குழப்பத்தைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு.

அம்மா, தங்கள் கூடத்தில் இருப்பது 45 பாகை சாய்ந்த தண்டவாளத்தில் ஏறியிறங்கும் வகை என்று கருதுகிறேன். அதன் வெற்றுச் சட்டம் எத்தனை கிலோ என்பதைத் தயாரிப்பாளரின் தகட்டில் பாருங்கள். 42 கிலோ என்று வைத்துக்கொண்டால், அன்று அந்த அம்மையாரின் கால்களுக்கு எதிரே இருந்தது 70 அன்று, 112. சாய்வின் காரணமாக அதில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்குதான் தண்டவாளத்தின் வழியே கீழே இழுக்கும். உராய்வை விட்டுவிட்டால் அது சுமார் 79 கிலோவுக்கு நிகர். உட்கார்ந்து நேராகத் தள்ளும் வகையிலோ கம்பிவடமும் கப்பியும் உண்டு. கப்பிகள் அமைந்த முறையைப் பொறுத்து, அடுக்கில் ஊசி செருகிய இடத்தில் 60 என்று இருந்தாலும் காலுக்கு 30 மட்டுமே வரக்கூடும். ஆகவே ஓர் இயந்திரத்தில் கண்டறிந்த எண்ணை இன்னோர் இயந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாது. எடை என்றதும் எங்கும் மாறாத ஓர் எண் என்னும் எண்ணம் வந்துவிடுகிறது.

"பளு" என்பதே சரி. நெம்புகோல் பாடத்தில் எல்லாரும் படித்த சொல். பளுதூக்குதல் என்று விளையாட்டுச் செய்தியிலும் நாள்தோறும் வருகிறது. முன்னொட்டை மட்டும் முடிவு செய்யுங்கள். ஐயா காட்டிய "தன்வலி"யை ஒட்டித் "தன்பளு" என்று யாரேனும் முன்மொழிவதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன். கட்டடம் தன்னைத் தானே தாங்கும் எடையை நாங்கள் தன்எடை என்கிறோம். இங்கே அந்தப் பெயர் வெற்றுச் சட்டத்துக்கு உரியது.

விஞ்ஞான ஆசிரியர், யாழ்ப்பாணம் (செவ்வாய் இரவு)

வணக்கம். ஒன்றை மட்டும் கவனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்று சொல்வதை எங்கள் பாடநூல்கள் திணிவு என்கின்றன. அங்கே எடை என்பது இங்கே நிறை. நீங்கள் முடிவு செய்யும் சொல் இணையத்தின் வழி இங்கும் வரும் என்பதால், எடை, நிறை ஆகிய இரண்டையும் தவிர்ப்பது இரு கரைக்கும் நல்லது. பளுவும் சுமையும் எங்களுக்கும் விளங்கும். பொறை என்றால் எங்கள் மாணவர் பொறுமையையே நினைப்பர்; ஐயா மன்னிக்க வேண்டும்.

தமிழாசிரியர் (செவ்வாய் இரவு)

மன்னிப்பதற்கு எதுவுமில்லை. மாணவர் பொறுமையை நினைத்தால், ஏன் அப்படி நினைக்கிறார்கள் என்று ஆசிரியர் ஒருமுறை விளக்கலாம். புழக்கத்தில் இல்லை என்று ஒவ்வொரு சொல்லையும் ஒதுக்கினால் புழக்கத்துக்கு எதுவும் வராது. "பளு" எனக்கு ஒரு மூட்டையைத்தான் காட்டுகிறது. அதைத் தாங்கும் மனிதரைக் காட்டவில்லை. அளவு மிஞ்சுவதைப் பற்றி, மயிலிறகே ஆனாலும் மிகுத்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்ன அதிகாரம் "வலியறிதல்". ஏற்றப்படும் பண்டத்தைவிடத் தாங்கும் அச்சின் மேலேயே அவருக்குக் கண். "நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின்" என்பதும் அதே அதிகாரம்.

இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்), சென்னை (புதன் காலை)

அந்தக் குறளைக் கண்டதும் "தூக்கின்" என்று வள்ளுவரே பளுதூக்குவதைக் குறிப்பிட்டிருக்கிறார் என மகிழ்ந்தேன். பிறகு உரையைப் பார்த்தேன். "இறந்து ஊக்கின்" என்று பிரிக்க வேண்டுமாம், எல்லை கடந்து முயன்றால் என்பது பொருளாம். என்னைப்போல் வேறு யாரும் ஏமாறாதிருக்கக் குறிப்பிடுகிறேன்.

இந்தப் பொருளுக்கு என் துறையில் ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் முழங்கால்களுக்கு வலுவூட்டிய அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945இல் எழுதிய கட்டுரையில் தம் முறையைக் கடும் எதிர்ப்புப் பயிற்சி என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். பின்னர் வாட்கின்ஸ் என்னும் மற்றொரு மருத்துவருடன் சேர்ந்து 1948இல் எழுதியபோது அதைப் படிப்படியாகக் கூடும் எதிர்ப்புப் பயிற்சி என்று மாற்றிக்கொண்டார். ஒருவர் சரியாகப் பத்து முறை மட்டும் செய்யக்கூடிய அளவைக் கண்டறிந்து, முதற்சுற்றில் அதில் பாதி, அடுத்த சுற்றில் முக்கால், மூன்றாம் சுற்றில் முழுதும் என்பது அவர்களுடைய வழி. பத்து முறைக்கு 60 கிலோ என்றால் 30, 45, 60. கவனியுங்கள்: அவர்கள் தேடியது ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓர் அளவு. நம் ஊர் இளவட்டக்கல்லுக்கு அந்த வசதி இல்லை. கல் ஒன்றே, தூக்கியவன் தூக்கினான், முடியாதவன் நின்றான். பிளேட்டு மாட்டும் இயந்திரம் வந்த பிறகுதான் "எனக்கு எவ்வளவு" என்னும் கேள்விக்கே இடம் வந்தது.

அதனால் அந்த ஆளின் ஆற்றலைச் சொல்லும் பெயர் வேண்டும் என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன். "ஆற்றுபளு" என்று முன்மொழிகிறேன். ஒருவர் ஆற்றக்கூடிய பளு. முதல் நாளுக்கு மட்டுமன்றி ஆறு மாதம் கழித்து அந்த எண் உயரும்போதும் அதே பெயர் பொருந்தும்.

பொறியாளர் (புதன் மதியம்)

அச்சகத்தில் யாரேனும் "ஆற்றுப்பளு" என்று ஒரு ப் சேர்த்துவிட்டால் ஆறு சுமந்து வரும் வண்டல் என்றாகிவிடும். புவியியலில் அதற்கும் பெயர் தேவைப்படுகிறது.

தமிழாசிரியர் (புதன் இரவு)

பொறியாளர் சொன்னது உண்மை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு என்பவற்றைப் போல "ஆற்றுபளு" என்பதே சரி. ப் நுழைந்தால் அது ஆற்றினது பளு. ஒற்றெழுத்து ஒன்றில் இவ்வளவு தொங்குமானால், ஒற்றில் தடுமாறாத "முதற்பொறை"யை மீண்டும் எண்ணிப் பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

உடற்பயிற்சி ஆசிரியை (வியாழன் இரவு)

அனைவருக்கும் நன்றி. நான்கு நாள்களாக ஒவ்வொரு மடலையும் இரண்டு முறை படித்தேன்.

இன்று மாலை வகுப்பு முடிந்ததும், அன்று 70 என்று எழுதிய அதே அம்மையாரிடம் மூன்று சொற்களையும் வெவ்வேறு தாளில் எழுதிக் காட்டினேன். "முதற்பொறை" என்பதை அவர் முதல்பொறி என்று படித்து, முதல் இயந்திரத்தைக் காட்டினார். "ஆற்றுபளு" என்பதைச் சரியாகப் படித்தார், பொருள் கேட்டார். சொன்னவுடன் முகம் மலர்ந்தது. ஆனால் சொல்ல வேண்டியிருந்தது. "தொடக்கப் பளு" என்றதும் பிளேட்டு அடுக்கிய இடத்துக்கு நடந்து போனார். நான் எதுவும் சொல்லவில்லை. பலகையின் முன்னால் நான் எப்போதும் நிற்க முடியாது. அதனால் தொடக்கப் பளு என்றே அச்சிடக் கொடுக்கிறேன். குழுவில் பெரும்பாலோர் பளுவின் பக்கம் நிற்பதும் எனக்குத் துணை.

பொறியாளர் ஐயா சொன்னதை ஏற்று, அட்டையில் இயந்திரத்தின் எண்ணையும் சேர்க்கிறேன்: "இயந்திரம் 2, தொடக்கப் பளு: பக்கத்துக்கு ... கிலோ பிளேட்டு." சட்டத்தின் 42 கிலோவைக் கூட்டி எழுதினால் கணக்கு சரியாகும், ஆனால் பிளேட்டு மாட்டும் கைக்கு அந்தக் கணக்கு குழப்பமாகும். யாழ்ப்பாணத்து ஐயாவின் அறிவுரைப்படி எடை என்ற சொல் அந்தப் பலகையில் எங்கும் இல்லை. ரெப், செட் ஆகியவற்றுக்கு முறை, சுற்று என்று போட்டிருக்கிறேன். இயந்திரத்தின் பெயர் லெக் பிரஸ் என்றே நிற்கிறது. காலழுத்தி என்று எழுதிப் பார்த்தபோது இருவர் இரத்த அழுத்தமா என்று கேட்டார்கள். "காலுந்து" பேருந்தின் உறவாகிவிடுகிறது.

எப்போது கூட்டுவது என்பதற்கும் ஒரு வரி உண்டு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்னும் அமைப்பின் 2009ஆம் ஆண்டு அறிக்கை, குறித்த எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு முறை மிகுதியாகச் செய்ய முடிந்தால் 2 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம் என்கிறது. எங்கள் பலகையில்: "பன்னிரண்டுக்குப் பதில் பதினான்கு முறை எளிதாக வந்தால், அடுத்த முறை பக்கத்துக்கு இரண்டரை கிலோ மட்டும் கூட்டுக."

அந்த அம்மையாரின் அட்டையில் இன்று எழுதிய எண், பக்கத்துக்கு 10.

இயன்மருத்துவர் (வெள்ளி காலை)

முடிவை மதிக்கிறேன், அம்மா. ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. மூன்று மாதம் கழித்து அவர் பக்கத்துக்கு 25 மாட்டும்போது அட்டையில் அந்தக் கோட்டுக்கு என்ன பெயர்? தொடக்கம் அப்போது முடிந்திருக்கும். "நடப்புப் பளு" என்பீர்களா?

தமிழாசிரியர் (வெள்ளி காலை)

"நடப்பு" என்றால் நடப்பதற்கான பளு என்று படிப்பார்கள். இரண்டாம் அச்சுக்கு முன் "பொறை"யை மறுபடியும் குழுவின் முன் வைப்பேன் என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.