மாடியில் கடல்நீர் மீன் தொட்டி: நீர் மாற்றும் சுமையைக் குறைக்க வழி உண்டா?

கேள்வி: ராமநாதபுரத்தான்

வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று உள்ளது. கோமாளி மீன்களும் சில இறால்களும் வளர்கின்றன. வாரம் 30 லிட்டர் மாற்றுகிறேன். கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் போகும்போது கேன்களில் கடல்நீர் பிடித்து வந்து, படியேற்றி ஊற்றுவதற்குள் முதுகு விட்டுப்போகிறது. மாற்றும் அளவைக் குறைக்காமல் வேலையை மட்டும் குறைக்க முடியுமா? தானியங்கிக் கருவிதான் தீர்வா?

மறுமொழி: கீழக்கரைவாசி

ஐயா, 30 லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 31 கிலோ எடை. அதே அளவு நீரைக் கலந்துகொள்ளத் தேவையான கடலுப்புக் கலவையோ ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல். எனவே கடலைச் சுமந்து வருவதை விட்டுவிட்டு, மாடிக் குளியலறையில் மூடியுள்ள உணவுத்தர டிரம் ஒன்றை வைத்து, குழாய் நீரை ஆர்.ஓ. வழியாக அதில் நிரப்பி, அங்கேயே உப்பைக் கலப்பதுதான் பெரிய விடுதலை. (நம் பகுதி நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால் ஆர்.ஓ.வைத் தவிர்க்க வேண்டாம். சமையல் உப்பு இதற்கு உதவாது.) சிறு மோட்டாரை இரவு முழுவதும் ஓடவிட்டு, மறுநாள் உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி எண் 1.025 அளவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பயன்படுத்துங்கள்.

கரையோரக் கடல்நீர் இலவசம்தான், ஆனால் நம்பகமானதன்று. வாடைக்காற்றுக் காலத்தில் ஆழம் குறைந்த வடகடல் (பாக் விரிகுடா) கலங்கிச் சேறாகிவிடும், மழைநீர் சேர்ந்து உப்பும் குறையும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலும் (மன்னார் வளைகுடா) அப்படித்தான் குழம்பிக் கிடக்கும்.

மறுமொழி: பாம்பன்காரர்

முன்னவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தொட்டிக் கண்ணாடியில் 30 லிட்டர் இறங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, ஹோஸின் மறுமுனையைக் குளியலறை வடிகாலில் வைத்தால், உறிஞ்சி விட்ட நீர் தானே இறங்கும். அந்த நேரத்தில் மணலில் தங்கிய கழிவையும் இழுத்துவிடலாம். டிரம்மிலிருந்து தொட்டிக்கு ஏற்ற மோட்டார் வாங்கும்போது, அது எவ்வளவு உயரம் தள்ளும் என்பதைப் பெட்டியில் பாருங்கள். செம்பு, பித்தளைப் பாகம் நீரில் படும் மோட்டார் வேண்டவே வேண்டாம், இறால்கள் செம்பைத் தாங்கா.

மறுமொழி: தொண்டி நண்பர்

கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இருதலை டோசிங் பம்பு (அளந்து நீர் செலுத்தும் தானியங்கிப் பம்பு) ஒரு பக்கம் பழைய நீரை எடுத்து, மறுபக்கம் புதிய நீரை விடும். புதிய நீரும் சிறிது வெளியேறிவிடுவதால், வாரம் 30 லிட்டர் இப்படி ஓடினால் ஏறத்தாழ 28 லிட்டரை ஒரே முறையில் மாற்றிய பலன் கிடைக்கும். இந்த இழப்பு பொருட்டன்று. இரு தலைகளும் ஒரே அளவில் ஓடாவிட்டால்தான் உப்பின் அளவு மெல்ல நகர்ந்துவிடும், ஆகவே அவ்வப்போது அளக்க வேண்டும். மணல் கழிவை அது எடுக்காது. முதலில் டிரம்மும் மோட்டாரும் வாங்குங்கள். கருவியைப் பிறகு பார்க்கலாம்.

கேள்வி: ராமநாதபுரத்தான்

குளியலறையில் டிரம்முக்கு இடம் உண்டு. கலந்த நீரை அடுத்த வாரம்வரை வைக்கலாமா?

மறுமொழி: கீழக்கரைவாசி

மூடி வைத்தால் தாராளமாக வைக்கலாம். ஆவியாகிக் குறைந்திருந்தால் உப்பு கூடியிருக்கும். ஊற்றுமுன் மறுபடி அளந்து, ஆர்.ஓ. நீர் சேர்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.