அம்மாவின் தேயிலை நிலத்தில் வருங்காலக் கணவர் பணத்தில் வீடு: திருமணத்திற்கு முன் ஒப்பந்தம் எழுதினால் செல்லுமா?

கேள்வி (கோத்தகிரி ஆசிரியை):
வணக்கம். நான் இந்து, நான் மணக்கவிருப்பவர் கிறிஸ்தவர். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்ய முடிவெடுத்துள்ளோம். அம்மாவின் பெயரில் ஒன்றரை ஏக்கர் தேயிலையும் அதன் ஓரத்தில் ஒரு பழைய வீடும் உள்ளன. பச்சைத் தேயிலை விலையை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாததால், வீட்டை இடித்துக் கட்டி, மாடியில் சுற்றுலாப் பயணிகளுக்கு இரண்டு அறைகள் விட நினைக்கிறோம். கட்டுமானச் செலவு முழுவதும் நான் மணக்கவிருப்பவருடைய சேமிப்பு. பிரிய நேர்ந்தால் பணம் அவருக்கு, நிலம் எனக்கு, ஒருவரிடம் ஒருவர் ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் பெற்றால் போதுமா? பதிவுக்கு முன்பே சில மாதங்கள் ஒரே வீட்டில் இருப்போம்.

பதில் (வழக்கறிஞர், உதகை):
கோவாவில் போர்த்துகீசியர் காலச் சிவில் சட்டம் தொடர்வதால், திருமணத்திற்கு முந்தைய சொத்து ஒப்பந்தத்திற்கு அங்கே சட்ட இடம் உண்டு. நம் பக்கம் அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. பொதுநலக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 23. ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக அந்தக் கணக்கில்தான் வைக்கின்றன. மேலும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 37ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தை மனைவிக்கு மட்டுமே தருகிறது. ஆகவே ‘ஒருவரிடம் ஒருவர்’ என்ற வாசகம் பார்ப்பதற்குச் சமமாக இருந்தாலும், விட்டுக்கொடுப்பவர் நீங்கள் ஒருவர்தான். அந்த வரியை எடுத்துவிடுங்கள். பணம், நிலம் பற்றியதைத் தனி ஆவணங்களாக எழுதுங்கள், அவை நிற்கும்.

பதில் (ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், குன்னூர்):
வக்கீல் ஐயா சொன்னதே சரி. அம்மா, நிலம் இன்னும் உங்கள் தாயார் பெயரில்தானே இருக்கிறது? அப்படியானால் உங்கள் இருவர் கையெழுத்தில் அந்த நிலத்தைப் பற்றி என்ன எழுதினாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது. கட்டட அனுமதியும் உரிமையாளர் பெயரில்தான் வரும். மாப்பிள்ளை தரும் பணத்தைக் கடன் என்று வெளிப்படையாக எழுதி, கடன் வாங்குபவராகத் தாயார் கையெழுத்திட வேண்டும். இருபதாயிரம் ரூபாயைத் தொட்டுவிட்டால் கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. எல்லாம் வங்கி வழியாகவே நடக்கட்டும்.

புரோநோட்டு எழுதிப் பெட்டியில் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளில் அது காலாவதியாகிவிடும். அதற்குள் ஒரு தொகையைக் கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்திட்டால்தான் உயிரோடு இருக்கும். பெரிய தொகையென்றால் அடமானப் பத்திரமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே மேல், வில்லங்கச் சான்றிலும் அது தெரியும். பின்னாளில் மாப்பிள்ளையின் பணத்தில் உங்கள் பெயரில் வேறு நிலம் வாங்குவதானால் திருமணம் முடிந்த பிறகு வாங்குங்கள். மனைவி பெயரில் வாங்குவதற்குப் பினாமிச் சட்டத்தில் விலக்கு உண்டு. வருங்கால மனைவிக்கு இல்லை.

பதில் (கூடலூர்வாசி):
சகோதரி, இதில் தாயாரின் கூரையைப் பற்றி யாருமே பேசவில்லை. நிலத்தை அவர் உங்களுக்குத் தான செட்டில்மென்ட் செய்வதாக இருந்தால், அவர் ஆயுள் உள்ளவரை கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மகளை நம்புகிறேன் என்று அவர் மறுத்தாலும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கடனை அம்மா பெயரிலேயே எழுத அவர் சம்மதித்துவிட்டார். பதிவுக்கு முன் சேர்ந்து வாழும் மாதங்களுக்குத் தனியாக ஏதும் எழுத வேண்டுமா?

பதில் (வழக்கறிஞர், உதகை):
அதற்கென்று தாள் தேவையில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் சேர்ந்து தங்கியதெல்லாம் அந்த உறவாகிவிடாது. கோவைக் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி வழக்கில், இருவரும் மணமுடிக்கத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், ஊரறியத் தம்பதியாகக் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வரையறுத்தது. சில மாதங்களைக் கணிசமான காலமென்று நிறுவுவது கடினம். திருமண அறிவிப்பு கொடுத்த பின் முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், அறிவிப்பை இப்போதே கொடுத்துவிடுங்கள். கட்டடம் அதன் பிறகு எழும்பட்டும்.