நேபாம் டெத்துக்கு வெளிநாட்டில் இவ்வளவு மவுசு ஏன்? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பர்மிங்காம்:

ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. எக்ஸ்ட்ரீம் மெட்டல் (ராக் இசையில் மிக வேகமான, உறுமலான வகை) கேட்கிற தமிழர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நேபாம் டெத் நான் இப்போது குடியிருக்கும் ஊரின் பேண்ட். 1981-ல் கவெண்ட்ரிக்குப் பக்கத்தில் மெரிடென் என்ற கிராமத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் ஆரம்பித்தது. அப்புறம் பர்மிங்காமில் ஸ்பார்க்ஹில் பகுதியின் மெர்மெய்ட் பப்பில் வாசித்து வாசித்து அந்த வேகத்தைப் பிடித்தார்கள். 1987-ல் நாட்டிங்காமின் இயரேக் கம்பெனி வெளியிட்ட 'ஸ்கம்' ஆல்பத்தில் ஒரு பக்கம் வாசித்தவர்கள் வேறு, மறுபக்கம் வாசித்தவர்கள் வேறு. இரண்டிலும் இருந்தவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் மட்டும்தான். கிரைண்ட்கோர் என்ற அதிவேக, குட்டிப் பாட்டு வகைக்கே அதுதான் அடித்தளம்.

இவ்வளவு இருந்தும் இந்த ஊரில் பிளாக் சபாத் என்ற மெட்டல் பேண்ட் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், பிராட் ஸ்ட்ரீட்டில் ஒரு பாலத்துக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். நேபாம் டெத் என்று அலுவலகத்தில் சொன்னால் "அந்த ஒரு வினாடிப் பாட்டு பேண்டா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். 'யூ சஃபர்' பாட்டைச் சொல்கிறார்கள், 1.316 வினாடி, உலகிலேயே மிகச் சின்னப் பாட்டு என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர்களை இந்த ஒரு துணுக்கை வைத்தே ஞாபகம் வைத்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. பிபிசி வானொலியில் ஜான் பீல் 1987-லேயே இவர்களைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார், அடுத்த ஆண்டு வந்த ஆல்பம் இங்கே இண்டி (சிறு கம்பெனிகள் வெளியிடுபவற்றின்) பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது, அடுத்த தலைமுறைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் இங்கே ஒரு சின்ன ஹாலில் அவர்கள் வாசித்தபோது வாசலில் வரிசையில் நின்றால் என்னைச் சுற்றி ஸ்பானிஷ், போலிஷ், போர்த்துகீஸ் என்று பல மொழிகள். அதில் சிலியிலிருந்து வந்த கணவன் மனைவி இருவரோடு நிறைய நேரம் பேசிக்கொண்டிருந்தேன். லீவு போட்டு ஐரோப்பா வந்தவர்கள், இந்த நிகழ்ச்சிக்கு ஏற்ற மாதிரிதான் பயணத்தையே அமைத்திருக்கிறார்கள். கணவர் சொன்னது அப்படியே மனதில் இருக்கிறது. சிலியில் சர்வாதிகாரி பினோசே ஆட்சியின் கடைசி வருடங்களில் அவருடைய அண்ணன் கையில் ஒரு கேசட் வந்திருக்கிறது, பிரதிக்குப் பிரதி எடுத்துப் பாட்டே தேய்ந்துபோன கேசட். வீட்டில் யாரும் எதையும் சத்தமாகப் பேசாத காலம் அது, எங்கேயோ இங்கிலாந்தில் முகம் தெரியாத பையன்கள் எங்களுக்கும் சேர்த்துக் கத்துகிற மாதிரி இருந்தது என்றார். உள்ளே போனபின் பாடகர் பார்னி கிரீன்வே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நின்று இது எதைப் பற்றிய பாட்டு என்று நிதானமாகச் சொல்கிறார், அகதிகள், கூலி, போர், மதத்தின் பெயரால் நடக்கிறவை. சொல்லி முடித்ததும் அந்த உறுமல் வருகிறது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே துள்ளிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த பேண்டுக்குள்ளேயே வெளிநாடு இருக்கிறது. 1990-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவுக்குப் போய் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் ஆல்பம் பதிவு செய்தார்கள். கிட்டாரிஸ்ட் மிட்ச் ஹாரிஸும் டிரம்மர் டேனி ஹெரேராவும் அமெரிக்கர்கள், 2006-ல் இறந்துபோன ஜெஸ்ஸி பின்டாடோ மெக்சிகோவில் பிறந்தவர். இதை வெறும் பர்மிங்காம் சமாச்சாரம் என்று எப்படிச் சொல்வது? உங்கள் ஊரில் என்ன நிலைமை, யாரைப் பார்த்தீர்கள், எழுதுங்கள்.

நியூ ஜெர்சி:

இங்கே நான் பார்த்தவரை கதையே வேறு. என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் நேபாம் டெத் கேட்க ஆரம்பித்ததே 1995-ல் வந்த மார்ட்டல் காம்பாட் படத்தின் பாட்டு ஆல்பத்தால். அதில் இவர்களுடைய ஒரு பாட்டு இருக்கிறது, அந்த ஆல்பம் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டிய பிளாட்டினம். டெக்னோ பாட்டுக்காக வாங்கிய பள்ளிப் பையன்கள் லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக்குள் நேபாம் டெத் அப்படி நுழைந்திருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் கொலம்பியா மாதிரிப் பெரிய கம்பெனியே இவர்கள் ஆல்பத்தை இங்கே வெளியிட்டது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் நிற்கவில்லை. நின்றவர்கள் முக்கால்வாசி 1991-ல் பிரேசில் மெட்டல் பேண்ட் செபுல்டுராவோடு சேர்ந்து சுற்றுப்பயணம் வந்தபோது நேரில் பார்த்தவர்கள், நான் சந்தித்தவர்களை வைத்துத்தான் சொல்கிறேன்.

சென்னை:

அண்ணா, மவுசு என்ற சொல்லைக் கொஞ்சம் அளந்து பேச வேண்டும் என்று எனக்குப் படுகிறது. 2007-ல் அயர்ன் மெய்டன் பெங்களூர் வந்தபோது நாங்கள் ஒரு கூட்டமாக ரயில் ஏறிப் போனோம், அந்த மைதானத்தில் பார்த்தது மவுசு. இங்கிலாந்தின் கிரேடில் ஆஃப் ஃபில்த்துக்குக் கிராமி பரிந்துரைவரை போயிற்று, அதுவும் மவுசு. நேபாம் டெத்துக்கு அப்படிக் கிடையாது. எந்த ஊரிலும் ரசிகர்கள் குறைவுதான், ஆனால் எந்த ஊரிலும் இருப்பார்கள். இங்கே கிரைண்ட்கோர் கேட்கிறவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அந்த வேனில் இருக்கிற எல்லோரும் பாட்டு வரிகளை உட்கார்ந்து படித்தவர்கள், அது மட்டும் நிச்சயம்.

ஜகார்த்தா:

சென்னை நண்பர் சொன்னது இந்தோனேசியாவுக்குப் பொருந்தாது. நான் ஜவுளி இயந்திர உதிரிபாக வியாபாரத்துக்காக இங்கே வந்தவன், மாதா மாதம் பண்டுங் போக வேண்டியிருக்கும். பண்டுங்கின் கிழக்கே உஜுங்பெருங் என்று ஒரு பகுதி, ஆலைகள் நிறைந்த இடம். இந்தோனேசிய மெட்டலின் பிறந்த வீடு என்று அதைச் சொல்லலாம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் கறுப்பு டி-ஷர்ட், அதில் படிக்கவே முடியாத எழுத்தில் பேண்ட் பெயர்கள். ஒரு மில்லில் லாரியிலிருந்து பெட்டி இறக்குகிறவர் 'ஸ்கம்' அட்டைப்படம் போட்ட சட்டை போட்டிருந்தார். சாயம் போய் வெளுத்த சட்டை, நிச்சயம் உள்ளூரில் அச்சடித்ததுதான். எனக்கு அந்த பேண்ட் தெரியும் என்று சொன்னதும் வேலையை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறுகளில் பாட்டு வரிகளை ஜெராக்ஸ் எடுத்து, அகராதியை வைத்துக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படிப்பார்களாம். சுகார்த்தோவின் சர்வாதிகார ஆட்சி 1998 வரை இருந்தது, அந்தக் காலத்தில் பெரிய கம்பெனிகள் மக்களை என்ன செய்கின்றன என்று பேசுகிற பாட்டைப் படிப்பது அவர்களுக்குச் சும்மா பொழுதுபோக்கு இல்லை. 1993-ல் மெட்டாலிகா நிகழ்ச்சியின்போது ஜகார்த்தாவில் கலவரம் வெடித்ததையும், அதன்பின் மெட்டல் என்றாலே அதிகாரிகள் முகம் சுளித்ததையும் அவர் சொன்னார்.

அதனால்தான் 2014-ல் ஜோகோ விடோடோ ஜனாதிபதி ஆனபோது இவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். சோலோ நகர மேயராக இருந்து மேலே வந்தவர், ராணுவப் பின்னணி இல்லாதவர், மெட்டல் ரசிகர், அதிலும் நேபாம் டெத் டி-ஷர்ட் போட்ட படம் எல்லோருடைய போனிலும் இருந்தது. எங்கள் ஆபீஸ் டிரைவர், சாதுவான மனிதர், அந்தப் படத்தைக் காட்டி "பாக் (ஐயா), இவர் எங்களில் ஒருத்தர்" என்று சொன்னார். ஒரு நாட்டின் தலைவர் கிரைண்ட்கோர் ரசிகர் என்பதை உலகத்தில் வேறு எங்கே பார்க்க முடியும்? இங்கிலாந்தில் ஒரு பிரதமர் இந்தச் சட்டையைப் போட்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மவுசு என்றால் இதைவிட என்ன வேண்டும் என்று அப்போது நினைத்தேன்.

சிட்னி:

ஜகார்த்தா அண்ணா அந்தக் கதையை 2014-ல் நிப்பாட்டிவிட்டார், அதனால் மிச்சத்தை நான் எழுதுகிறேன். நான் மெட்டல் கேட்கிற ஆள் இல்லை, என்ர மகன் கேட்பவன். மயூரன் சுகுமாரனை மறந்திருக்க மாட்டீர்கள். லண்டனில் பிறந்து, இங்கே சிட்னியில் வளர்ந்த எங்கட ஈழத்துப் பெற்றோரின் பிள்ளை. போதைப்பொருள் கடத்திய வழக்கில் 2005-ல் பாலியில் பிடிபட்டு அடுத்த வருஷம் ஆண்ட்ரூ சானோடு சேர்த்து மரண தண்டனை. செய்தது குற்றம்தான், அதை யாரும் இல்லையென்று கதைக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில் சிறைக்குள்ளேயே படம் கீறப் பழகி, மற்றக் கைதிகளுக்கும் வகுப்பு நடத்தி, வேறு மனிதனாகவே மாறியிருந்தான்.

2015 தொடக்கத்தில் பார்னி கிரீன்வே ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதினார். எங்கட பாட்டை விரும்பிக் கேட்கிறவர் நீங்கள், அந்தப் பாட்டுகள் வன்முறைச் சுழற்சிக்கு எதிரானவை என்று உங்களுக்குத் தெரியும், அரசு செய்கிற கொலையும் அதில் அடங்கும், இவர்களை விட்டுவிடுங்கள் என்ற பொருளில். பிளாக் சபாத்தின் டோனி அயோமியும் எழுதினார். கோயிலிலும் தேவாலயத்திலும் கும்பிட்டுக்கொண்டிருந்த எங்கட அம்மாமாருக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் புதிசு. என்ர மகன்தான் வாசித்துக் காட்டினான். பாட்டைக் கேட்டால் ஓடிவிடுவார்கள், ஆனால் அந்தக் கடிதத்தைக் கேட்டு அழுதார்கள். ஏப்ரல் கடைசியில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றபோது பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன், உடம்பெல்லாம் பச்சை குத்தி, நேபாம் டெத் சட்டையோடு. எங்களில் யாரையும் தெரியாது. "நான் அந்த பேண்டுக்காக வந்தேன்" என்று மட்டும் சொன்னான், கடைசிவரை நின்றான்.

29 ஏப்ரல் 2015 அன்று நுசகம்பாங்கன் சிறைத் தீவில் சுட்டுவிட்டார்கள். மயூரன் கீறிய படங்களில் அந்த ஜனாதிபதியின் முகமும் ஒன்று. 2017-ல் கேம்பல்டவுனில் அவன்ர படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது போய்ப் பார்த்தேன். ரசிகர் என்பதை வைத்து ஒருவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்தச் சட்டையைப் போட்ட இரண்டு பேரை நான் நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு இருந்தவர், மற்றவர் என்னோடு வீதியில் நின்றவர். பர்மிங்காம் தம்பி கேட்ட மவுசில் எனக்கு இரண்டாமவர்தான் கணக்கு.

பர்மிங்காம்:

அக்கா, படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்தக் கடிதம் பற்றி இங்கேயும் செய்தி வந்தது, மயூரன் நம் பிள்ளை என்பதை அப்போது எந்தச் செய்தியிலும் நான் கவனிக்கவில்லை. நன்றி.

திருப்பூர்:

நான் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஜெர்மனியிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஒருவர் மூலமாகத்தான் எனக்கு இந்த பேண்ட் அறிமுகம். சரக்கு பார்க்க வந்தவர், மதியச் சாப்பாட்டில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது டாக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. 24 ஏப்ரல் 2013, சாவரில் ஆயத்த ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்களே, அது. முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அந்தத் தேதி மறக்காது. அதற்குப் பிறகு கட்டடம், தீயணைப்பு என்று சரக்கு வாங்கும் பையர் அனுப்புகிற ஆடிட் கேள்விகள் எங்கள் பக்கமும் கூடின. அந்த விபத்தை மனதில் வைத்து ஒரு இங்கிலாந்து பேண்ட் முழு ஆல்பமே போட்டிருக்கிறது என்று அவர் சொன்னார், நம்பவே முடியவில்லை. 2015-ல் வந்த 'ஏபெக்ஸ் பிரிடேட்டர் – ஈஸி மீட்'. முதல் தடவை கேட்டபோது பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், தலை வலித்தது. அப்புறம் வரிகளைத் தேடிப் பிடித்துப் படித்துக்கொண்டே கேட்டேன். மலிவாகச் சட்டை வாங்குகிறவனுக்கும் அதைத் தைத்துச் செத்தவளுக்கும் நடுவில் இருக்கிற சங்கிலியில் நானும் ஒரு கண்ணி. ஒரு பீஸுக்கு எவ்வளவு குறைக்க முடியும் என்று பையர் கேட்டால் கணக்குப் போட்டுச் சொல்கிறவனே நான்தான். இதைப் பற்றி நம் ஊரில் யாராவது பாடியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரிந்து கிடைக்கவில்லை.

என் ஷிஃப்டில் செக்கிங் பிரிவில் இருக்கும் பெண்களுக்கு இந்தச் சத்தம் ஒத்துவராது, அதனால் ஆல்பம் எதைப் பற்றியது என்று மட்டும் சொன்னேன். "வெள்ளைக்காரனுக்கு இது தெரியுமா?" என்று ஒரு அக்கா கேட்டார். அவருக்கு விவரமாகச் சொல்ல இருபது நிமிடம் ஆயிற்று, சூப்பர்வைசர் வந்து நின்றதும் கலைந்தோம்.

பர்மிங்காம் அண்ணா, உங்கள் ஊர் ஹாலில் அடுத்த முறை அவர்கள் வாசித்தால், முடிந்தபின் பார்னி ஆட்களோடு பேசுவாரா? பேசினால் திருப்பூரில் பனியன் தைக்கிற இடத்தில் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசினோம் என்று சொல்ல முடியுமா? அவர்கள் மேசையில் விற்கிற டி-ஷர்ட்டை யார் தைத்தது என்றும் கேட்டு எழுதுங்கள், எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.