வெதூத்தா, கப்ரிச்சோ: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> வெதூத்தாவுக்கு 'நகர்க்காட்சி', கப்ரிச்சோவுக்கு 'கற்பனைக் காட்சி' போதுமே?

ஐயா, வணக்கம்.

இரண்டும் இத்தாலியக் கலைச்சொற்கள்: ஓர் உண்மையான இடத்தை அடையாளம் தெரியும்படி காட்டும் படம் வெதூத்தா, கட்டடங்களை இஷ்டப்படி சேர்த்து அமைத்த கற்பனை இடத்தைக் காட்டுவது கப்ரிச்சோ. 'நகர்க்காட்சி' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நகரத்தோடு நின்றுவிடுகிறது. வெதூத்தாவை ரோமில் வளர்த்த டச்சு ஓவியர் வான் விட்டெல், அந்நகரின் திபர் ஆற்றங்கரையை வரைந்த மாதிரியே பக்கத்து ஊரான திவோலியின் அருவிகளையும் வரைந்தார், அவையும் வெதூத்தாதான். படத்தைப் பார்த்ததும் இது இன்ன இடம் என்று சொல்ல முடிய வேண்டும், அவ்வளவுதான் இலக்கணம். பெயர் தெரியாத மலையும் மரமும் மாலை வெயிலும் என்றால் அது நிலக்காட்சி. அந்தச் சொல் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

'இடக்காட்சி' என்றால் இடக்கை மாதிரி இடப்பக்கத்துக் காட்சி என்று படித்துவிடுவார்கள். 'மெய்க்காட்சி'யும் எனக்கு ஒப்புதல் இல்லை. வெனிஸ் ஓவியர் கனலெத்தோ 1725 வாக்கில் வரைந்த 'கல்தச்சர் முற்றம்' என்ற படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது: முன்னால் கல் செதுக்குகிறவர்கள், விழுந்து கிடக்கும் குழந்தையைத் தூக்க ஓடிவரும் தாய், கால்வாய்க்கு அக்கரையில் கரிதா தேவாலயமும் அதன் மணிக்கூண்டும். அந்த மணிக்கூண்டு 1744இல் இடிந்து விழுந்துவிட்டது, இனி படத்தில் பார்த்தால்தான் உண்டு. இதை மெய் என்று சொல்லத் தோன்றும், சரி, ஆனால் இதே மனிதர் வேறு படங்களில் ஒரே இடத்தில் நின்றால் கண்ணுக்குச் சிக்காத இரண்டு பக்கங்களைச் சேர்த்து வரைவார், கட்டடங்களைக் கொஞ்சம் தள்ளியும் வைப்பார்.

அதனால் என் பரிந்துரை 'ஊர்க்காட்சி'. வெனிசும் ஊர்தான், திவோலியும் ஊர்தான்.

அப்புறம் கப்ரிச்சோ. அதில் கட்டடங்கள் பல நிஜமானவை, சேர்த்த விதம்தான் கற்பனை. கனலெத்தோ வெனிசின் ரியால்தோ பாலத்தை எடுத்துவிட்டு, கட்டடக் கலைஞர் பல்லாதியோ வரைபடம் போட்டும் கட்டப்படாமலே போன பாலத்தை அங்கே வைத்தார்; இரு பக்கமும் விச்சென்சா ஊரின் பசிலிக்கா என்ற மண்டபத்தையும் கியெரிக்காத்தி மாளிகையையும் கொண்டுவந்து நிறுத்தினார். இதற்குப் 'புனைகாட்சி' கச்சிதம், ஏனென்றால் மாலை புனைவது என்றால் இருக்கிற பூக்களைத் தொடுப்பதுதானே, பூவைப் படைப்பது இல்லையே.

இன்னொன்று, இரண்டு சொல்லுக்கும் பின்னால் 'ஓவியம்' ஒட்ட வேண்டாம். அச்சோவியக் கலைஞர் பிரனேசியின் ரோம் வெதூத்தாக்கள் செப்புத்தகட்டில் பொறித்துத் தாளில் அச்சிட்டவை. வரைபவரை மட்டும் 'ஊர்க்காட்சி ஓவியர்' எனலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.