ஊமைப் படங்களில் நடித்த பெண்கள்: சார்ட்டில் யார் யாரை எழுதலாம்?

பென்னாகரம் டீச்சர்:
வணக்கம். பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். நூலக அறைச் சுவரில் ஒட்ட, பெண் முன்னோடிகள் பற்றி சார்ட் எழுதுகிறோம். சினிமாவுக்கு டி.பி. ராஜலட்சுமியை எழுதினேன். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' கதாநாயகி, 1936இல் 'மிஸ் கமலா'வை இயக்கியவர். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஸ்கெட்ச் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே, “அதுக்கு முன்னாடி ஊமைப் படம் வந்துச்சே டீச்சர், அதுல யாரு நடிச்சாங்க? வசனமே இல்லன்னா என்ன பண்ணுவாங்க?” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சார்ட்டில் பாதி காலியாக இருக்கிறது.

கிருஷ்ணகிரி ஆபரேட்டர்:
டீச்சர், முப்பது வருஷம் தியேட்டர் கேபினில் இருந்தவன் சொல்கிறேன். ராஜலட்சுமி அம்மா இருக்கட்டும். அவரும் நாடகத்திலிருந்து ஊமைப் படத்துக்கு வந்து, அப்புறம்தான் பேசும் படத்துக்குப் போனார். அவருக்கு மேலே இன்னும் சிலர் வேண்டும்.

1913இல் தாதாசாகேப் பால்கே, நாட்டின் முதல் முழுநீளக் கதைப் படமான 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்தபோது நடிக்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை. ஹரிச்சந்திரன் மனைவி தாராமதியாக நடித்தது சாளுங்கே என்ற ஆண், ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர். அடுத்த படம் 'மோகினி பஸ்மாசுர்'. அதில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் சேர்ந்தே கேமரா முன்னால் வந்து நின்றார்கள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 1926இல் பாத்மா பேகம் சொந்தக் கம்பெனியில் படம் இயக்கினார், நாட்டின் முதல் பெண் இயக்குநர் அவர்தான். நாட்டின் முதல் பேசும் படம் 'ஆலம் ஆரா'வின் கதாநாயகி ஜுபைதா அவர் மகள்.

பிள்ளை கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உதடு அசைத்துப் பேசத்தான் செய்வார்கள். அந்த வசனம் எழுத்தாகத் திரையில் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் நின்று உரக்கப் படித்துச் சொல்வார். மற்றதெல்லாம் கண்ணும் கையும்தான்.

ஒருமுறை எங்களிடம் ஒரு ஊமைப் படச் சுருள் வந்தது. கேமராவைக் கையால் சுற்றி, நொடிக்குப் பதினாறு பதினெட்டு பிரேம், அதாவது தனித்தனிப் படங்கள், வீதம் எடுத்த படம். எங்கள் மெஷினோ இருபத்துநான்கில்தான் ஓடும். மோட்டாருக்கு வேறு வேகமே கிடையாது. அதனால் திரையில் எல்லாம் வேகவேகமாக நடந்தது. ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். திரையில் அது ஈ ஓட்டுவது போலத் தெரிந்தது. கொட்டகையே சிரித்தது. அந்த அம்மா அழுதது நிஜம் டீச்சர். என்னால் நிறுத்தி நிதானமாகக் காட்ட முடியவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அரூர் வாசகி:
பி.கே. ரோசியை விட்டுவிடாதீர்கள். மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்' கதாநாயகி. தலித் பெண், நாயர் வீட்டுப் பெண்ணாக நடித்தார் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் திரையின் மேல் கல் எறிந்தார்கள். அவர் நம் நாகர்கோவில் பக்கம் வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் கடைசி வரை வாழ்ந்தார். அந்தப் படமும் இன்று இல்லை. அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள் டீச்சர்.

பென்னாகரம் டீச்சர்:
ரோசி பெயரைச் சிவப்பு மையில் அந்தப் பிள்ளையே எழுதிவிட்டாள். ஆபரேட்டர் ஐயா, ஊமைப் படத்தைச் சரியான வேகத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வழி உண்டா?

கிருஷ்ணகிரி ஆபரேட்டர்:
உண்டு டீச்சர். சீதாதேவி நடித்த 'பிரபஞ்ச பாஷ்', 1929. செப்பனிட்ட பிரதி கிடைக்கிறது. வேகமாக ஓடுவதாகத் தெரிந்தால் கம்ப்யூட்டரில் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். முகத்தை மட்டும் பார்க்காமல் கையையும் பார்க்கச் சொல்லுங்கள்.