கம்பைல் ஆகிறது, பேக்கேஜ் ஆவதில்லை: மேவன் மல்டி-மாட்யூல் திட்டத்தில் காமன் ஜாரின் கிளாஸ்கள் தெரியவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஜாவா 17, ஸ்பிரிங் பூட் 3.2 (ஜாவா செயலிகளுக்கான கட்டமைப்பு), மேவன் 3.9 (பில்ட் கருவி) ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்ட ஒரு கிடங்கு இருப்பு மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்துள்ளது. அதில் காமன், சர்வீஸ், வெப் என்று மூன்று மாட்யூல்கள் உள்ளன. வெப் மாட்யூல் சர்வீஸைச் சார்ந்தது. சர்வீஸ் காமனைச் சார்ந்தது. இன்டெல்லிஜே எடிட்டரில் திறந்து ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை. வேர்க் கோப்புறையிலிருந்து மேவனின் கட்டளையான 'எம்விஎன் கிளீன் கம்பைல்' கொடுத்தாலும், 'எம்விஎன் கிளீன் டெஸ்ட்' கொடுத்தாலும் மூன்று மாட்யூல்களும் வெற்றியாகவே முடிகின்றன. ஆனால் 'எம்விஎன் கிளீன் பேக்கேஜ்' கொடுத்தால், காமன் நல்லபடியாக முடிந்த பிறகு, சர்வீஸைக் கம்பைல் செய்யும் இடத்தில் காமனில் உள்ள பேக்கேஜ்கள் ஒவ்வொன்றுக்கும் 'பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்ற பிழை வரிசையாக வந்து பில்ட் நின்றுவிடுகிறது. சர்வீஸின் பாம் கோப்பில் (மேவனின் அமைப்புக் கோப்பு) காமன் சரியான வெர்ஷனுடன் டிபென்டன்சியாக இருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

வணக்கம். வேறொரு வெர்ஷன் இடையில் புகுந்திருக்கலாம். சார்புகளைப் பட்டியலிடும் 'எம்விஎன் டிபென்டன்சி:ட்ரீ' ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால், ஹோம் கோப்புறையில் உள்ள .எம்2 ரெப்போசிட்டரியை (மேவன் தொகுப்புகளைச் சேமித்து வைக்கும் உள்ளூர் இடம்) அழித்துவிட்டு மீண்டும் பில்ட் செய்து பாருங்கள்.

கேட்டவர்

நன்றி. ட்ரீயில் காமன் ஒரே வெர்ஷனாக, இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. .எம்2-வை முழுவதும் அழித்துவிட்டு வேரிலிருந்து 'இன்ஸ்டால்' கொடுத்தேன். எல்லாம் மீண்டும் பதிவிறங்கியது. அதே இடத்தில் அதே பிழை வந்து நின்றது.

மறுமொழி 2

நண்பரே, கம்பைல் வெற்றி பெற்று பேக்கேஜ் தோற்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. பல மாட்யூல்களைச் சேர்த்துக் கட்டும்போது, ஜார் (கிளாஸ்களை அடக்கிய தொகுப்புக் கோப்பு) உருவாகாத கட்டம் வரை மட்டும் ஓடினால், மேவனின் ரியாக்டர் (மாட்யூல்களை வரிசைப்படுத்திக் கட்டும் பகுதி) காமனின் 'டார்கெட்/கிளாஸஸ்' கோப்புறையையே சர்வீஸின் கிளாஸ்பாத்தில் (கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) வைத்துவிடுகிறது. இன்டெல்லிஜேயும் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறது. பேக்கேஜ் கட்டம் வரையோ அதற்கு மேலோ ஓடும்போது அந்தக் கோப்புறைக்குப் பதிலாகக் காமனின் ஜார் வைக்கப்படுகிறது. ஆகவே, உங்கள் கிளாஸ்கள் கோப்புறையில் சரியாக இருக்கின்றன, ஜாருக்குள் சரியான இடத்தில் இல்லை. பிழை சர்வீஸில் தெரிந்தாலும், கோளாறு காமனில் இருக்கிறது.

காமனின் டார்கெட் கோப்புறைக்குள் சென்று, அங்குள்ள ஜாரின் மீது 'ஜார் டிஎஃப்' கட்டளையை ஓட்டி, கிளாஸ்கள் எந்தப் பாதையில் உள்ளன என்று பார்த்துச் சொல்லுங்கள். அதே இடத்தில் '.ஜார்.ஒரிஜினல்' என்று முடியும் இன்னொரு கோப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்

ஆம், இருக்கிறது. ஒரிஜினல் கோப்பு மிகச் சிறியது. ஜாரோ பல மெகாபைட் வருகிறது. ஜாருக்குள் நம் கிளாஸ்கள் எல்லாம் 'பூட்-இன்ஃப்/கிளாஸஸ்' என்ற கோப்புறைக்குக் கீழே உள்ளன. மேல்மட்டத்தில் ஸ்பிரிங் பூட் லோடரின் கிளாஸ்கள் மட்டுமே இருக்கின்றன. இன்னொன்றும் கண்ணில் பட்டது: காமன் மாட்யூலில் உடல் காலியான மெயின் மெத்தட் ஒன்றை மட்டும் கொண்ட ஒரு கிளாஸ் இருக்கிறது. அதை யாரும் எங்கும் அழைப்பதில்லை.

மறுமொழி 2

அந்தக் காலி மெயின் எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. வேர்ப் பாமின் 'பில்ட்' பகுதியில் உள்ள 'பிளகின்ஸ்'-இல் ஸ்பிரிங் பூட் மேவன் பிளகின் எழுதப்பட்டிருக்கும். அங்கே எழுதியது எல்லாப் பிள்ளை மாட்யூல்களுக்கும் தானாக இறங்கும். அதன் ரீபேக்கேஜ் இலக்கு காமனிலும் ஓடி, 'அனேபிள் டு ஃபைண்ட் மெயின் கிளாஸ்' என்று முறையிட்டிருக்கும். அந்த முறையீட்டை அடக்குவதற்காக யாரோ ஒரு மெயினைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் பிழை மிகச் சரியான எச்சரிக்கை. அதை வாய்மூட வைத்ததால்தான் இரண்டாவது பிழை இவ்வளவு தொலைவில் வந்து முளைத்திருக்கிறது.

ரீபேக்கேஜ் என்பது சாதாரண ஜாரை எடுத்து, தானே ஓடக்கூடிய ஜாராக மாற்றி, பழையதன் பெயரிலேயே வைத்துவிடுகிறது. ஸ்பிரிங் பூட் 1.4 முதல் செயலியின் கிளாஸ்கள் 'பூட்-இன்ஃப்/கிளாஸஸ்' என்ற இடத்துக்கும், சார்ந்திருக்கும் ஜார்கள் 'பூட்-இன்ஃப்/லிப்' என்ற இடத்துக்கும் போகின்றன. ஓட்டும்போது லோடருக்கு அந்த இடம் தெரியும். ஜாவா கம்பைலருக்குத் தெரியாது. அது ஜாரின் மேல்மட்டத்திலிருந்துதான் பேக்கேஜைத் தேடும்.

வேர்ப் பாம் 'ஸ்பிரிங் பூட் ஸ்டார்ட்டர் பேரன்ட்'-ஐப் பேரன்ட்டாகக் கொண்டதா? அப்படியானால் வேலை எளிது. அந்தப் பிளகினை வேர்ப் பாமிலிருந்து எடுத்துவிட்டு, வெப் மாட்யூலின் பாமில் மட்டும் குரூப் ஐடி, ஆர்ட்டிஃபேக்ட் ஐடி இரண்டையும் எழுதுங்கள். வெர்ஷனும் ரீபேக்கேஜ் அமைப்பும் ஸ்டார்ட்டர் பேரன்ட்டின் 'பிளகின் மேனேஜ்மென்ட்' பகுதியிலிருந்து தாமாக வந்து சேரும். நிறுவனத்துக்கென்று தனிப் பேரன்ட் இருந்தால், வேர்ப் பாமின் 'பிளகின் மேனேஜ்மென்ட்'-இல் வெர்ஷனோடு ரீபேக்கேஜ் எக்ஸிக்யூஷனையும் எழுத வேண்டும். அந்தப் பகுதியில் எழுதுவது, பெயர் சொல்லிக் கேட்கும் மாட்யூலில் மட்டுமே செயல்படும். காலி மெயினை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

மறுமொழி 3

மேலே சொன்னதே சரியான வழி. ஒரே மாட்யூல் தானே ஓடவும் வேண்டும், இன்னொரு மாட்யூலுக்கு லைப்ரரியாகவும் இருக்க வேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். பிளகினின் கான்ஃபிகரேஷனில் 'கிளாசிஃபையர்' என்பதற்கு 'எக்ஸெக்' என்று கொடுத்தால், சாதாரண ஜார் அப்படியே இருக்கும். ஓடும் ஜார் '-எக்ஸெக்' என்ற ஒட்டுடன் தனியாக உருவாகும். ஆனாலும் பகிரும் கோடைத் தனி மாட்யூலாகப் பிரிப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்

பேரன்ட் ஸ்டார்ட்டர் பேரன்ட்தான். சொன்னபடி மாற்றி, காலி மெயினையும் நீக்கினேன். வேரிலிருந்து 'கிளீன் பேக்கேஜ்' முழுமையாக முடிந்தது. இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் எங்கள் குழுவினர் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக வேரிலிருந்தே 'எம்விஎன் -பிஎல் சர்வீஸ் பேக்கேஜ்' என்று ஒரு மாட்யூலை மட்டும் கட்டுவது வழக்கம். அதில் இன்னமும் அதே பழைய பிழை வருகிறது.

மறுமொழி 2

'-பிஎல் சர்வீஸ்' என்றால் ரியாக்டரில் சர்வீஸ் மட்டுமே இருக்கும். மேவன் 3 அப்போது காமனை .எம்2-விலிருந்து எடுக்கிறது. நீங்கள் முன்பு 'இன்ஸ்டால்' கொடுத்தபோது பில்ட் சர்வீஸில் நின்றிருந்தாலும், அதற்கு முன்பே காமன் தன் கட்டங்கள் அனைத்தையும் முடித்து, ரீபேக்கேஜ் ஆன ஜாராகவே .எம்2-வில் பதிந்துவிட்டது. பேக்கேஜ் கட்டம் அங்கே எதையும் எழுதுவதில்லை. அதனால் புதிய ஜார் அங்கு போய்ச் சேரவில்லை.

'எம்விஎன் -பிஎல் சர்வீஸ் -ஏஎம் பேக்கேஜ்' என்று கொடுங்கள். '-ஏஎம்' சேர்த்தால், சர்வீஸ் சார்ந்திருக்கும் மாட்யூல்களும் அதே ஓட்டத்தில் முதலில் கட்டப்படும். வேரிலிருந்து ஒருமுறை 'இன்ஸ்டால்' கொடுத்தாலும் இன்றைய பிழை போய்விடும். ஆனால் நாளை யாராவது காமனை மாற்றிவிட்டுச் சர்வீஸை மட்டும் கட்டினால், பழைய காமனோடு பிழையே காட்டாமல் பில்ட் முடிந்துவிடக்கூடும். அது இதைவிட ஆபத்தானது. பில்ட் சர்வரின் ஸ்கிரிப்டிலும் '-ஏஎம்' இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே .எம்2 காலியாகத் தொடங்கினால், இதே குறை காமன் ஆர்ட்டிஃபேக்ட்டே கிடைக்கவில்லை என்ற வேறு பிழையாகத் தோன்றும்.

கேட்டவர்

'-ஏஎம்' சேர்த்ததும் சரியாகிவிட்டது. பில்ட் சர்வர் ஸ்கிரிப்டிலும் அது இல்லை; சேர்த்துவிட்டேன். 'ஜார் டிஎஃப்' ஓட்டிப் பார்த்ததில், காமன் ஜாரின் மேல்மட்டத்திலேயே இப்போது கிளாஸ்கள் உள்ளன. வெப் ஜாரின் 'பூட்-இன்ஃப்/லிப்' கோப்புறைக்குள் காமன், சர்வீஸ் இரண்டின் ஜார்களும் இருக்கின்றன. இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.